இடம் மாறியது மேடை, கை அல்ல: மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை

பத்துப் பேரில் ஒருவர் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பது உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. முப்பது மாணவர்கள் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பில் இரண்டு மூன்று பேராவது அப்படி இருப்பார்கள். எழுதுவதிலும் சாப்பிடுவதிலும் வரும் சிக்கலை அந்தக் குழந்தைகள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் ஓர் இசைக்கருவியைக் கையில் எடுக்கும் நாளில் அதே சிக்கல் வேறு வடிவில் வந்து நிற்கிறது.

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் போன்ற நகரங்களில் இன்று கிட்டார் கற்க ஆசைப்படும் தமிழ்ச் சிறுவர்கள் நிறையப் பேர். கருவியை வாங்கி மடியில் வைத்ததும், இடது கைப் பழக்கம் உள்ள குழந்தை அதை மறுபக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் உள்ள பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். நொட்டாங்கை என்றும் பீச்சாங்கை என்றும் கேலி வரும். வகுப்பில் எல்லாரும் ஒரு பக்கம் பிடிக்க, இந்தக் குழந்தை மட்டும் எதிர்ப்பக்கம் பிடித்தால் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று ஆசிரியரும் தயங்குவார். சில வாரங்களில் குழந்தைக்கே ஆர்வம் குறைந்துவிடும். பிறகு அந்தக் கிட்டார் அலமாரி மேல் போய்விடும்.

இதே தயக்கத்தைச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ்ச் சிறுவன் சந்தித்தான். அவன் கையில் இருந்தது மிருதங்கம். பின்னாளில் தென்னிந்திய இசையுலகின் மூன்று பெரும் மிருதங்க வித்வான்களில் ஒருவராகப் போற்றப்பட்ட பழனி சுப்பிரமணிய பிள்ளைதான் அந்தச் சிறுவன். அவருடைய வாழ்க்கை, இடது கைக் குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

பழனியில் பிறந்த லய மரபு

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் கெடா தமிழர்களுக்குப் பழனி என்ற ஊரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அந்த முருகன் தலத்தைச் சேர்ந்த இசைக் குடும்பத்தில் 1908ஆம் ஆண்டு சுப்பிரமணிய பிள்ளை பிறந்தார். தந்தை பழனி முத்தையா பிள்ளை தவிலிலும் மிருதங்கத்திலும் தேர்ந்தவர். வீட்டில் பேச்சை விடத் தாளம்தான் அதிகம் கேட்டது என்று சொல்லத்தக்க சூழல் அது.

முத்தையா பிள்ளை புதுக்கோட்டை மரபைச் சேர்ந்தவர். மிருதங்க வாசிப்பில் தஞ்சாவூர் மரபு, புதுக்கோட்டை மரபு என்று இரண்டு பெரிய வழிகள் உண்டு. புதுக்கோட்டை மரபின் மூலவர் மான்பூண்டியா பிள்ளை. மாமூண்டியா பிள்ளை என்றும் அவரைச் சொல்வார்கள். உடும்புத் தோல் போர்த்திய சிறிய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து, அதற்குத் தனி மரியாதை தேடிக் கொடுத்தவர் அவர். அவருடைய சீடர்களில் புகழின் உச்சியைத் தொட்டவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. நுட்பமான கணக்கும் தவிலின் கம்பீரமும் கலந்த இந்த மரபுதான் சிறுவன் சுப்பிரமணியத்துக்குக் கிடைத்த சொத்து.

சொத்து இருந்தும் அதை வாங்கிக்கொள்வது அவனுக்கு எளிதாக இருக்கவில்லை. காரணம், அவன் இடது கைக்காரன்.

வலந்தலை என்ற பெயரிலேயே இருந்த தடை

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். கறுப்பு மருந்து பூசிய சிறிய முகத்துக்கு வலந்தலை என்று பெயர். சுருதி சேர்ப்பது இந்த முகத்தில்தான். கணீரென்ற நாதமும் விரல்களின் நுட்பமான சொற்கட்டுகளும் பிறப்பது இங்கேதான். மற்றொரு முகம் சற்றுப் பெரியது. அதற்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன் அதன் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். ஆழமான, கனத்த ஒலி இதிலிருந்து வரும்.

பெயரைக் கவனித்தாலே செய்தி புரியும். வலது கையால் வாசிக்கும் முகம் என்பதால்தான் அது வலந்தலை. மற்ற முகத்துக்கு இடந்தலை என்றும் ஒரு பெயர் உண்டு. கருவியின் உறுப்புக்குப் பெயர் வைத்தவர்கள் மனத்தில் இடது கைக்காரன் என்று ஒருவன் இருக்கவே இல்லை. சுப்பிரமணியம் மிருதங்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டபோது, அவனுடைய வலந்தலை இடப்பக்கத்தில் இருந்தது.

இடது கைப் பழக்கம் உள்ள மகன் கச்சேரி மேடையில் முன்னேற முடியாது என்று கருதி, தந்தை அவனுக்குக் கற்றுக்கொடுப்பதில் ஆரம்பத்தில் ஆர்வம் காட்டவில்லை என்று இசையுலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தந்தையின் மடியில் இடம் மறுக்கப்பட்ட துருவனின் கதையை நினைவூட்டும்படி, அவரைப் பற்றித் தமிழில் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் துருவ நட்சத்திரம் என்றே பெயர் அமைந்தது.

முத்தையா பிள்ளையின் தயக்கத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவர் மேடையை அறிந்த கலைஞர். இடது கைக்காரன் வாசிக்க முடியாது என்பது அவருடைய கவலையாக இருந்திருக்காது. மிருதங்கத்தைத் திருப்பி வைத்தால் போதும், வேறு கருவி செய்ய வேண்டியதில்லை. வாசித்தாலும் எந்தப் பாடகர் கூப்பிடுவார், மேடையில் எங்கே உட்கார வைப்பார்கள் என்பதுதான் அன்றைய உண்மையான கேள்வி.

பையன் கையை மாற்றிக்கொள்ளவில்லை. கேட்டும் பார்த்தும் பழகியும் வித்தையைத் தன் இடது கைக்குக் கொண்டுவந்தான். தந்தையிடமிருந்த வித்தை கடைசியில் மகனிடமும் வந்து சேர்ந்தது. தவிலின் நடைகளும் முழக்கமும் பின்னாளில் அவருடைய மிருதங்கத்தில் கேட்டதற்கு அந்த வீடுதான் காரணம்.

மேடையில் எழுந்த சிக்கல்

கர்நாடக இசைக் கச்சேரியில் உட்காரும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாடகர் நடுவில் சபையைப் பார்த்து உட்காருவார். அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்காருவார்கள். அப்படி உட்காரும்போது மிருதங்கத்தின் வலந்தலை நேராகச் சபையை நோக்கியிருக்கும். ஒலிபெருக்கி பரவலாகாத அந்தக் காலத்தில் இது மிக முக்கியம்.

வலந்தலையின் நாதம் எவ்வளவு சிறப்பானது என்பதை அறிவியலும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. சாதாரணத் தோல் கருவியின் ஒலியில் சுரம் தெளிவாக இருக்காது. மருந்து பூசிய மிருதங்கமோ தந்திக் கருவியைப் போலச் சுருதியோடு இசைந்த ஒலிகளைத் தருகிறது என்பதை சர் சி.வி. ராமன் 1920ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். அந்த நாதம் சபையை நோக்கி வராமல் மேடையின் பின்சுவரை நோக்கிப் போனால் கச்சேரியே மங்கிவிடும்.

இடது கைக்காரர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தால் அதுதான் நடக்கும். வலந்தலை பின்பக்கம் போய்விடும், தொப்பி சபையைப் பார்க்கும். இதைச் சரிசெய்ய ஒரே வழி, அவர் பாடகருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, வயலின் வித்வான் வலப்பக்கம் போவது. அப்போது வயலின்காரரின் வில் பிடித்த கை சபைப் பக்கம் வந்துவிடும். தனக்குப் பழகிய இடத்தை விட்டுக்கொடுக்க வயலின் வித்வான்கள் பலருக்கு மனம் இல்லை. வயலின் வித்வானின் மனத்தாங்கலை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பாடகர்களும் வேறு மிருதங்கக்காரரைத் தேடினார்கள்.

இப்படித் திறமையில் எந்தக் குறையும் இல்லாத ஓர் இளைஞருக்கு, உட்காரும் இடத்தின் பெயரால் வாய்ப்புகள் நழுவின.

கஞ்சிராவில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கையில் பிடித்து மறு கையால் வாசிக்கும் கருவி அது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் குற்றமில்லை. மரபுவழியாக வந்த அந்தக் கருவியிலும் சுப்பிரமணிய பிள்ளை பெரும் வித்வான் ஆனார். பிற்காலத்தில் பாலக்காடு மணி ஐயர் மிருதங்கமும் இவர் கஞ்சிராவும் வாசித்த கச்சேரிகள் ரசிகர்கள் பல ஆண்டுகள் பேசிப் பேசி மகிழ்ந்தவை.

கை கொடுத்த செம்பை

நிலைமையை மாற்றியவர்களில் முதலிடம் செம்பை வைத்தியநாத பாகவதருக்கு. 1896இல் பிறந்த செம்பை, வெண்கலக் குரலுக்குப் பெயர் பெற்றவர். பின்னாளில் பாடகர் கே.ஜே. ஜேசுதாஸின் குருவானவர் என்று சொன்னால் இங்குள்ள வாசகர்களுக்கு உடனே நெருக்கம் தோன்றும். இளம் பக்கவாத்தியக் கலைஞர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றுவதில் அவருக்கு இணை அவரே. மைசூர் சௌடையா, பாலக்காடு மணி ஐயர், லால்குடி ஜெயராமன் என்று அவர் ஊக்குவித்த பெயர்களின் பட்டியல் நீளமானது. அந்தப் பட்டியலில் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் உண்டு.

செம்பை போன்ற ஒரு பாடகர் தன் கச்சேரியில் இன்னார்தான் மிருதங்கம் என்று முடிவு செய்துவிட்டால், மற்றவர்கள் மேடையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டியதுதான். வயலின் இடம் மாறியது. மிருதங்கம் பாடகரின் இடப்பக்கம் வந்தது. சபை அந்த நாதத்தை முழுமையாகக் கேட்டது. கேட்ட பிறகு, உட்காரும் இடத்தைப் பற்றிய பேச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

இங்கே நடந்த மாற்றம் மிகச் சிறியது. இருவர் உட்காரும் பாயில் ஓர் இடமாற்றம், அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்ய மேடையில் அதிகாரம் உள்ள ஒரு பெரியவர் முன்வர வேண்டியிருந்தது. அதுவரை அந்த இளைஞரின் உழைப்பு மட்டும் போதவில்லை.

நாதத்தால் நிமிர்ந்தவர்

அதன் பிறகு பழனியின் காலம் தொடங்கியது. ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று அந்நாளைய முன்னணிப் பாடகர்களுக்கெல்லாம் அவர் வாசித்தார். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, இராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி ஆகிய மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்று ரசிகர்கள் அழைத்தார்கள். நெருங்கியவர்களுக்கு அவர் பழனி சுப்புடு.

அவருடைய வாசிப்பில் இரண்டு சிறப்புகளை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். முதலாவது, பாட்டை ஒட்டிச் செல்லும் நடை. கணக்கில் ஊறிய மரபிலிருந்து வந்தும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கணக்கைக் காட்டிப் பாடகரை மிரட்ட மாட்டார். கீர்த்தனையின் ஓட்டத்தோடு சர்வலகுவாக, ஆற்று நீர் போல வாசித்துக்கொண்டு போவார். தனி ஆவர்த்தனம் வரும்போது புதுக்கோட்டைக் கணக்கு முழு வீச்சில் வெளிப்படும்.

இரண்டாவது, கும்கி. தொப்பியில் ஒலியை எழுப்பி, மணிக்கட்டால் தோலை அழுத்தி நகர்த்தும்போது எழும் குழைவான ஓசைக்கு அந்தப் பெயர். புறா குமுறுவது போன்ற அந்த ஒலியில் பழனிக்கு நிகரில்லை என்பது ரசிகர்களின் தீர்ப்பு. மற்ற வித்வான்களுக்குத் தொப்பி இடது கையில், அதாவது பெரும்பாலும் வலிமை குறைந்த கையில் இருக்கும். பழனிக்கோ அது வலது கையில் இருந்தது. ஊரார் கையை மாற்றச் சொன்னதைக் கேட்டிருந்தால், இரு கைகளுக்கும் இடையே அமைந்த இந்தத் தனிப்பட்ட சமநிலை எப்படி இருந்திருக்குமோ, யாரும் சொல்ல முடியாது.

எதிரெதிரே உட்கார்ந்த குருவும் சீடரும்

இடது கைக் குழந்தைக்கு வலது கை ஆசிரியர் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது இன்று பல இசை வகுப்புகளில் எழும் கேள்வி. பழனியின் வீட்டில் இந்தக் கேள்வி தலைகீழாக இருந்தது. அங்கே குரு இடது கைக்காரர், சீடர்களோ பெரும்பாலும் வலது கைக்காரர்கள்.

அது தடையாக இல்லை. குருவும் சீடரும் எதிரெதிரே உட்கார்ந்தால், ஒருவர் இடது கைக்காரராகவும் மற்றவர் வலது கைக்காரராகவும் இருக்கும்போது கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். குருவின் எந்தப் பக்கக் கை அசைகிறதோ, சீடரின் அதே பக்கக் கை அசைந்தால் போதும். மனத்துக்குள் திருப்பிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. இந்த எளிய உண்மையை இன்றைய கிட்டார் ஆசிரியர்களும் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

பழனியின் சீடர்கள் அவருடைய வித்தையைக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். நாட்டியமேதை பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன், 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பிக்கத் தொடங்கினார். திருச்சி சங்கரன் 1955ஆம் ஆண்டு, 13 வயதில், குருவோடு ஒரே மேடையில் அமர்ந்து அரங்கேறியவர். 1971ஆம் ஆண்டு கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பணியேற்று, பல நாட்டு மாணவர்களுக்குத் தென்னிந்தியத் தாளத்தைக் கற்றுக்கொடுத்தார். 2011ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது.

குருவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்குச் சங்கீத கலாநிதி முதன்முதலாக வழங்கப்பட்டது 1966இல்தான். அதைப் பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். பழனி சுப்பிரமணிய பிள்ளை அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1962இல் காலமாகிவிட்டார். அறுபது வயதைக்கூட எட்டாத மறைவு அது. எஞ்சியிருக்கும் கச்சேரிப் பதிவுகளில் அவருடைய மிருதங்கத்தை இன்றும் கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு அது இடது கை வாசிப்பு என்று தெரியாது. நாதம் மட்டுமே தெரியும்.

கிட்டார் உலகிலும் அதே கதை

இந்தப் போராட்டம் தமிழ்நாட்டு மேடைக்கு மட்டும் உரியதன்று. பழனி மறைந்த அதே 1960களில், அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பிறந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற இளைஞர் கிட்டார் உலகைப் புரட்டிப் போட்டார். அவரும் இடது கைக்காரர். மகன் இடது கையால் வாசிப்பதைத் தந்தை விரும்பவில்லை என்று குடும்பத்தினர் சொல்லியிருக்கிறார்கள். வலது கைக்காரர்களுக்குச் செய்த கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டி அவர் வாசித்தார். 1970இல் 27 வயதில் இறந்தபோது, உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞர்களில் ஒருவர் என்ற இடம் அவருக்கு உறுதியாகியிருந்தது.

தோட்டப்புறத் தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றக்கூடியவர் எலிசபெத் காட்டன். 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதித்த காசில் ஒரு கிட்டார் வாங்கினார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கம்பிகளை மாற்றிக் கட்டவும் இல்லை. கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, கட்டைவிரலால் மெல்லிய கம்பிகளையும் மற்ற விரல்களால் தடித்த கம்பிகளையும் மீட்டும் புதிய முறையைத் தானே உருவாக்கினார். பிறகு பல ஆண்டுகள் கிட்டாரைத் தொடாமலே வீட்டு வேலை செய்து வாழ்ந்தவர், அறுபது வயதுக்கு மேல் மேடையேறினார். 90 வயதைத் தாண்டிய பிறகு கிராமி விருது பெற்றார். 1987இல் மறைந்தார்.

இந்த இருவரும் தாங்களாகவே வழி கண்டுபிடித்தவர்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த மனவலிமை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரியவர்கள் உதவ வேண்டிய இடம் அதுதான்.

கருவி வாங்குவதற்கு முன்

மிருதங்கத்தைத் திருப்பி வைத்தால் போதும். கிட்டாரில் அது போதாது. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஒரு வரிசை உண்டு. கிட்டாரைத் திருப்பினால் அந்த வரிசை தலைகீழாகும். கம்பிகளை மாற்றிக் கட்டினாலும், கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் பள்ளங்கள் அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கு ஏற்ப வெட்டப்பட்டவை என்பதால், அந்தத் துண்டையும் மாற்ற வேண்டும். இரும்புக் கம்பிக் கிட்டார்களில், கீழே கம்பி தாங்கும் பட்டையும் சற்றுச் சாய்வாக இருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் சுருதி விலகும். நைலான் கம்பிக் கிட்டார்களில் அந்தப் பட்டை பெரும்பாலும் நேராக இருப்பதால் மாற்றுவது சற்று எளிது. எதுவானாலும் கடையில் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் செய்வதே நல்லது. இடது கைக்காரர்களுக்கென்றே செய்யப்பட்ட கிட்டார்களும் விற்பனையில் உண்டு. கடையில் இல்லையென்றால் சொல்லி வரவழைக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியது கருவி வாங்குவது அன்று, குழந்தையைக் கவனிப்பது. கையில் ஒன்றும் இல்லாமல் பாட்டுக்கேற்பக் கிட்டார் வாசிப்பது போல ஆடச் சொன்னால், எந்தக் கை மீட்டுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு யாரிடமாவது இரவல் வாங்கிய கிட்டாரில் இரண்டு பக்கமும் சில நாள் பிடித்துப் பார்க்கட்டும். வயதுக்கேற்ற அளவு கருவியாக இருக்க வேண்டும். பெரிய கிட்டாரின் அசௌகரியத்தைக் கைப்பழக்கத்தின் குறை என்று தவறாக எண்ணிவிடக்கூடாது.

இடது கைக்காரர் எல்லாரும் இடது கை கிட்டார்தான் வாசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரிட்டனின் மார்க் நாஃப்ளர் பிறவியில் இடது கைக்காரர். ஆனால் வலது கை முறையில் வாசித்தே உலகப் புகழ் பெற்றார். கிட்டாரில் இரண்டு கைகளுக்கும் கடினமான வேலை உண்டு. குழந்தைக்கு வழக்கமான முறை இயல்பாக வந்தால் அதுவே வசதி, எங்கு போனாலும் கருவி கிடைக்கும். வராவிட்டால் வற்புறுத்தக்கூடாது. முடிவைக் குழந்தையின் கை சொல்ல வேண்டும், கேலியோ கடைக்காரரின் கையிருப்போ சொல்லக்கூடாது.

எலிசபெத் காட்டனைப் போலக் கம்பிகளை மாற்றாமல் திருப்பிப் பிடிக்கும் முறை தொடக்க மாணவருக்கு ஏற்றதன்று. புத்தகத்தில் உள்ள எந்தக் கோர்டு அமைப்பும் அதற்குப் பொருந்தாது. இடது கை கிட்டார் என்றால் கோர்டுப் படங்களைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். ஆறு கோடுகளில் எண்களை எழுதும் டேப் முறையில் எந்த மாற்றமும் தேவையில்லை. அது இரண்டு கைகளுக்கும் ஒன்றே. வகுப்பில் ஆசிரியருக்கு நேர் எதிரே அந்தக் குழந்தையை உட்கார வைத்தால் போதும், பழனி வீட்டுப் பாடம் இங்கேயும் நடக்கும். மாணவர்களை வரிசையாக உட்கார வைக்கும்போது, கிட்டாரின் கழுத்துகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க, இடது கைக் குழந்தைக்கு வரிசையின் ஓரத்தில் இடம் கொடுக்கலாம். அந்த இடம் தண்டனை அல்ல, வசதி என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கெடாவின் மேடைகளில்

ஹார்வர்ட், விக்டோரியா, ஹென்ரியட்டா போன்ற கெடா தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் இசை, கோயில் திருவிழாவையும் வானொலியையும் சுற்றியே வளர்ந்தது. பால்மரம் வெட்டிக் களைத்த கைகள் மாலையில் உறுமியையும் தப்பையும் எடுத்தன. வானொலித் தமிழ்ப் பிரிவில் ஒலித்த இளையராஜா பாடல்களின் கிட்டார் இசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நகரங்களுக்குக் குடிபெயர்ந்தது. இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உறுமி மேளக் குழுக்களிலும் மிருதங்க வகுப்புகளிலும் கிட்டார் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களிலும் பத்தில் ஒருவர் இடது கைக்காரராக இருப்பார்.

வாத்தியக் குழுவில் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் வசதி என்று கேட்டு நிற்க வைப்பது, பள்ளி நிகழ்ச்சியில் ஒலிவாங்கியை மறுபக்கம் திருப்பி வைப்பது, கருவி வாங்கும் முன் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது ஆகியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. செம்பை பாகவதர் தன் மேடையில் செய்தது இதைவிடப் பெரிதும் அல்ல. தனக்குப் பழகிய ஒழுங்கைச் சற்றே மாற்றிக்கொண்டார். அதனால் சபைக்கு ஒரு பழனி சுப்பிரமணிய பிள்ளை கிடைத்தார், அவர் வழியே டொராண்டோ வரை ஒரு மரபும் நீண்டது.

அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும் கிட்டார் ஏதேனும் வீட்டில் இருந்தால், அதை இறக்கி, குழந்தை விரும்பும் பக்கம் பிடிக்கச் சொல்லிப் பார்க்க இந்தப் பள்ளி விடுமுறை நல்ல வாய்ப்பு.